வைத்தியருக்குத் துணை நிற்போர்: படித்த பிள்ளை ஊருக்குத் திரும்ப

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே றொசல்ல என்ற சிறிய புகையிரத நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றிய மலைகளின் லயங்களில் வாழ்வோருக்கு ஒரு பழைய கவலை உண்டு. நடு இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம் நிற்காவிட்டால், முதலில் யாரிடம் ஓடுவது? நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, மழையில் மலைப்பாதை வழியே தூக்கிச் சென்ற நாட்களை நம் முதியோர் மறக்கவில்லை.

1977, 1983 கலவரங்களுக்குப் பின் நம்மவர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், பயிர் செய்தார்கள். பின்னர் போர் அங்கிருந்தும் அவர்களைக் கிளப்பியது. போன இடமெல்லாம் இதே கேள்வியும் கூடவே போனது. ஆகவே இப்பாடத்தில், வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்கும் துணைவர்களைப் பற்றிச் சிந்திப்போம். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? படித்து முடித்தபின் எங்கே போனார்கள்?

1. மானிப்பாய் மாணவர்கள்

அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கி, உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்துக் கற்பித்தார். முதலில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் ஆங்கிலத்தில் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குப் போய்விடுவதை அவர் கண்டார். கிராமம் முன்போலவே வைத்தியரின்றி இருந்தது.

எனவே 1860களில் அவர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்குப் புத்தகங்கள் வேண்டுமே! டன்வோர்த், சப்மன் போன்ற அவருடைய மாணவர்களே மொழிபெயர்ப்பில் கைகொடுத்தார்கள். ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. கிறீன் 1873இல் நாடு திரும்பும்போது அவரிடம் கற்றவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்த மொழியில் கற்பது என்பது படிப்பை இலகுவாக்கும் விடயம் மட்டுமல்ல. கற்றவர் யாருடன் வாழ்வார், யாருக்கு உதவுவார் என்பதையும் அது தீர்மானிக்கிறது. நாற்றை எந்த வயலில் நடுகிறோமோ அந்த வயலில்தான் அது வேர்விடும்.

2. கடற்படையிலிருந்து வகுப்பறைக்கு

நூறு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் இன்னொரு வழி திறந்தது. கடற்படையில் காயப்பட்டோருக்குச் சிகிச்சை செய்து பழகியவர்கள் வீடு திரும்பியபோது, அவர்களுடைய கைத்திறமைக்கு ஏற்ற வேலை ஊரில் இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் வைத்தியர் யூஜின் ஸ்டெட் 1965இல் அப்படிப்பட்ட நால்வரைச் சேர்த்து இரண்டாண்டுப் பயிற்சியைத் தொடங்கினார். 1967இல் மூவர் தேறினர். ‘வைத்திய உதவியாளர்’ என்ற தொழில் இவ்வாறு பிறந்தது. இன்று அந்நாட்டில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில், சென்னையிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் 1992இல் இத்தகைய படிப்பு ஆரம்பமானது.

இவர்கள் வைத்தியருக்குப் பதிலானவர்கள் அல்லர். வைத்தியரின் பொறுப்பின் கீழ் நோயாளியைப் பரிசோதித்து, சிகிச்சை அளிப்பவர்கள். தம்மால் இயலாததை அறிந்து, தாமதமின்றி மேலிடத்துக்கு அனுப்புவதும் அவர்களுடைய படிப்பின் ஒரு பகுதி. முறையான பயிற்சி இல்லாமல் ஊசி போடுபவரை நாம் இவர்களோடு சேர்த்து எண்ணக் கூடாது.

3. நம் தோட்டங்களில்

கோப்பித் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்காக இந்நாட்டில் 1872இலேயே ஒரு சட்டம் வந்தது. பின்னர் தோட்ட டிஸ்பென்சரியும், அங்கே மருந்து கொடுக்கும் உதவியாளரும் நம் வாழ்வின் பகுதியானார்கள். அவர்களில் பலர் இரவு பகல் பாராது உழைத்தவர்கள். ஆயினும் அவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்; நிர்வாகத்தின் உத்தியோகத்தர். இன்று வேலைக்குப் போகலாமா என்று சொல்பவரும் அவரே. ஆகவே மனம் திறந்து நோயைச் சொல்லத் தயங்கியோர் நம்மில் உண்டு.

லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை அந்த இடத்தில் இருந்தால்? தாயின் பேச்சு அவளுக்குப் புரியும். பாத்திரத்தில் என்ன வேகிறது, தண்ணீர் எந்தப் பீலியிலிருந்து வருகிறது என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத அறிவு.

4. நம் பிள்ளையின் வழி

தடைகள் உண்மையானவை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் குறைவு. பஸ் செலவுக்கும் வகுப்புக் கட்டணத்துக்கும் வழியின்றிப் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் பலர். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கோ பத்திரங்களும் தொலைந்து போகின்றன. நாம் இன்றே செய்யக் கூடியவை:

அ. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை எடுத்து, வேறொரு பாதுகாப்பான இடத்திலும் வைப்போம்.

ஆ. தாதியர், மருத்துவமாது போன்ற பயிற்சிகளுக்கான அறிவித்தல்கள் அரச வர்த்தமானியில் வருகின்றன. அதை ஒவ்வொரு வாரமும் பார்த்துச் சொல்ல ஊரில் ஒருவரை நியமிப்போம்.

இ. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்குச் சங்கத்தின் சேமிப்பிலிருந்து உதவுவோம். படித்து முடித்தபின் அவள் ஊரில் தங்க ஓர் அறையும் மரியாதையும் இருக்குமா என்பதையும் இப்போதே பேசுவோம். திரும்பி வரும்படி பிள்ளையிடம் கேட்பதற்கு முன், வர ஏற்ற இடமாக ஊரை ஆக்குவது நம் கடமை.

நிலத்தை விட்டு ஓட நேரிட்டபோது வயலையும் கிணற்றையும் நம்மால் தூக்கி வர முடியவில்லை. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த கை, நாம் போகும் இடமெல்லாம் நம்மோடு வரும்.

கலந்துரையாட:

• நம் பகுதியில் இரவில் ஒருவருக்கு நோய் கண்டால் முதலில் உதவுபவர் யார்? அவர் என்ன பயிற்சி பெற்றவர்?

• நம் ஊரிலிருந்து படித்துப் போனவர்கள் ஏன் திரும்பவில்லை? அவர்களிடமே கேட்டோமா?

• இவ்வாண்டு நாம் கைகொடுக்கக் கூடிய ஒரு பிள்ளை யார்?