மோட்டார் வண்டிக் குளிர்சாதனக் குழாய்களைப் பேணும் முறை

உஷ்ணப் பிரதேசவாசிகளாகிய நமக்கு நிழலும் நீரும் எத்துணை இனியனவோ, அத்துணை இனியதாக மோட்டார் வண்டியின் குளிர்சாதனமும் இக்காலத்தில் ஆகிவிட்டது. நாகல் நகரினின்று பழனிக்கும் மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்போர்க்கு அஃது ஓர் ஆடம்பரமன்று. அவர்தம் ஜீவனமே அதனைச் சார்ந்திருக்கின்றது. கோடைதோறும் வாயு நிரப்புவதற்கென்று பணம் செலவிட்டும், அடுத்த கோடைக்கு முன்னரே குளிர்ச்சி குன்றிவிட்டதென்று வருந்துவோர் பலர். இதன் காரணம் யாது, பரிகாரம் யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண் இச்சாதனம் இயங்கும் முறையை அறிதல் வேண்டும். குளிர்ச்சி என்பதொரு பொருளை நாம் உண்டாக்குவதில்லை. வண்டியின் உள்ளிருக்கும் உஷ்ணத்தை எடுத்து வெளியே விடுகின்றோம். பல வண்டிகளில் இவ்வேலையைச் செய்வது ஆர் 134ஏ என்னும் வாயு. சாதாரண அழுத்தத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழ் 26 டிகிரியிலேயே கொதிக்கும் இயல்பினது. கம்பிரெசர் அதனை அழுத்துகின்றது. வண்டியின் முன்புறத்திலுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை இழந்து திரவமாகின்றது. பின்னர் ஒரு நுண்ணிய வால்வின் வழியே விரிந்து, உட்புறச் சுருளில் ஆவியாகிக் காற்றின் உஷ்ணத்தைக் கவர்கின்றது. மெல்லிய குழாய் திரவத்தைக் கொண்டுபோகும். பருத்த குழாய் குளிர்ந்த ஆவியைத் திரும்பக் கொணரும். எஞ்சின் நின்றிருக்கும் பொழுதும், 30 டிகிரி வெப்பத்தில் இக்குழாய்களினுள் வெளிக்காற்றைப்போல் 7 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் உளது. ஆகவே அவ்வாயு இரவும் பகலும் வெளியேறவே வழி தேடிக்கொண்டிருக்கும்.

இனி, நீர் சொட்டுவதையும் வாயு கசிவதையும் ஒன்றெனக் கருதி மயங்குதல் கூடாது. மண்பானையின் புறத்தே தோன்றும் ஈரம் உள்ளிருந்து கசிந்த நீர். குளிர்ந்த நீர் நிறைந்த பித்தளைச் செம்பின் புறத்தே தோன்றும் துளிகளோ, வெளிக்காற்றிலிருந்த நீராவி படிந்தவை. குளிர்சாதனக் குழாய் செம்பை ஒத்ததேயன்றிப் பானையை ஒத்ததன்று. வண்டி நின்றவிடத்தில் தெளிந்த நீர் சொட்டுமாயின் அது பழுதன்று. உட்சுருளில் படிந்த நீர் தன் வடிகுழாய் வழியே இறங்குகின்றது. வாயுவோ கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும் அதனோடு கம்பிரெசரின் எண்ணெயும் சுற்றி வருவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பசையும் அதன்மேல் ஒட்டிய புழுதியும் காணப்படும். சோப்பு நுரை பூசின் ஆங்கே குமிழி எழும்.

கசிவு பெரும்பாலும் மூன்றிடங்களில் நிகழும். முதலாவது, குழாய்கள் இணையும் மூட்டு. அதிலுள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் வாயுவுக்கேற்ற ரப்பரால் ஆனதாயிருத்தல் வேண்டும். மூட்டைப் பிரித்தபோதெல்லாம் புதிய வளையமிட்டு, குளிர்சாதன எண்ணெய் தடவி, இரண்டு ஸ்பேனர்களால் பற்றி அளவறிந்து முடுக்குக. ஒன்றினால் முடுக்கின் அலுமினியக் குழாய் முறுக்குண்ணும். இரண்டாவது, எஞ்சினின் அதிர்ச்சியால் குழாய் இரும்பில் உராயும் இடம். வத்தலக்குண்டினின்று கொடைக்கானல் மலையேறும் வண்டிக்கு இவ்வதிர்ச்சி மிகுதி. ரப்பர் பதித்த பிடிப்பான்களால் குழாயை நிறுத்துதல் தகும். மூன்றாவது, கம்பிரெசரின் தண்டைச் சூழ்ந்த அடைப்பு. பல மாதம் இயக்காதிருப்பின் அஃது எண்ணெயின்றி உலரும். ஆகலின் மழைக்காலத்தும் பதினைந்து நாளைக்கொருமுறை சில நிமிஷம் இயக்குதல் நன்று.

குழாய் வியர்ப்பதன் கணக்கு எளிது. காற்றின் வெப்பம் 35 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு 60-உம் ஆயின், 26 டிகிரிக்குக் குறைந்த எப்பொருளின்மேலும் நீர் படியும். பருத்த குழாயோ 10 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இத்தொல்லை பெருகும். பெரிய பஸ்களில் நீண்ட குழாய் கூரையினுள் செல்லின், துளிகள் பிரயாணிகள்மேல் வீழ்வதோடு தகட்டைத் துருவேற்றி மின்கம்பி இணைப்புகளையும் கெடுக்கும். நெசவாளர் நிறைந்த நாகல் நகரில் துணிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் பழந்துணியைக் குழாயிற் சுற்றுதல் தகாது. துணி நீரை உறிஞ்சி வைத்திருக்க, உள்ளே அலுமினியம் அரிக்கப்படும். மூடிய நுண்ணறைகளையுடைய ரப்பர் நுரையுறையே ஏற்றது. அதன் பிளவுகளையும் முனைகளையும் பசையிட்டு ஒட்டல் வேண்டும். சிறு இடைவெளி விடினும் நீராவி உட்புகுந்து மறைவிற் படியும்.

கசிவை அடைக்காது வாயுவை மட்டும் நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். பழுது நீக்கியபின் வாக்குவம் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் அகற்றிய பின்னரே நிரப்புக. எஞ்சிய ஈரம் வால்வில் உறைந்து அடைக்கும், அமிலமாகியும் அரிக்கும். வாயுத் திரவம் கண்ணிற் பட்டால் உறைபுண் உண்டாகும். நெருப்பிற் பட்டால் நச்சுப்புகை எழும். ஆதலால் கண்ணாடியின்றியும், தீயின் அருகிலும் இவ்வேலை செய்தல் பெரும்பிழை.

கசிவின் நஷ்டம் வண்டிக்காரரோடு நிற்பதன்று. முற்காலத்து வாயுவான ஆர் 12 ஓஸோன் படலத்தைச் சிதைப்பதறிந்து, 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையால் உலகத்தார் அதனைக் கைவிடத் துணிந்தனர். அதன் பின் வந்த ஆர் 134ஏ ஓஸோனைக் கெடாதாயினும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 1,430 மடங்கு பூமியை வெப்பமாக்க வல்லது. ஒரு காரிலுள்ள அரைக் கிலோ கசிந்தால், 700 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் செய்த திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது.

வண்டியினுள்ளே நால்வர் குளிர, வெளியே நாடெல்லாம் காய்வது நீதியன்று. ஆகாயமும் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளே. அதற்கும் நாம் உக்கிராணக்காரர். ஒரு சிறு ரப்பர் வளையத்தை உரிய காலத்தில் மாற்றும் தொழிலாளி, தன் முதலாளியின் பணத்தை மட்டுமன்று, பிறக்கப்போகும் தலைமுறையின் நலத்தையும் காக்கின்றான் என்பதை நம் மாணவர் உணர்வாராக.