பழம் பணத்தாள்கள்

'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். பணத்தாளின் விலையெல்லாம், கேட்டவுடன் காசு தருவோம் என்று அதன்மேல் எழுதிய வாக்கிலேயே உள்ளது. ஆதலின் பழந்தாள் ஒன்றைக் கையிலெடுத்தால், இவ்வாக்கைக் கொடுத்தவர் யார், எவ்வூரில் காசு தருவதாகக் கொடுத்தனர் என்று முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

அமெரிக்காவில் 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிற்றூர் வங்கிகளும் தத்தம் ஊர்ப்பெயர் பொறித்த தாள்களை 1935 வரை வெளியிட்டன. அவ்வங்கிகள் 12,000-க்கு மேற்பட்டவை. தம் ஊர்த் தாளைத் தேடிச் சேர்ப்போர் அங்கே மிகப் பலர். நம் நாட்டிலும் 1843-இல் தோன்றிய சென்னை வங்கி தன் பெயரால் தாள் வெளியிட்டது. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை அரசாங்கத்துக்கே ஆக்கிற்று.

எனினும், அரசாங்கத் தாளிலும் ஊர்ப்பெயர் இருந்தது. தாள்கள் வட்டந்தோறும் வெளியாயின; சென்னை வட்டத்துத் தாளைக் கல்கத்தாவில் ஏற்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 1903-இல் ஐந்து ரூபாய்த் தாள் தொடங்கி, இத்தடை படிப்படியாக நீங்கிற்று. அந்நாளில் அஞ்சலில் பணம் அனுப்புவோர் தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த செய்தி கிடைத்தபின் மறுபாதியை அனுப்புவர். பெற்றவர் இரண்டையும் ஒட்டிக்கொள்வர்.

சிதம்பரத்தில் ஒரு வீட்டில், பாட்டனார் பெட்டியில் கிடந்த அத்தகைய ஒட்டுத்தாள், கிழிந்த காகிதம் என்று அடுப்பில் இடப்பட்டதை நாம் அறிவோம். அத்தாளின் வெட்டும் ஒட்டும், ஒரு வணிகர் தம் பணத்தைக் காத்த வகைக்குச் சான்றாய் இருந்தன. அச்சான்று ஒரு நொடியில் சாம்பலாயிற்று.

கடலூர் மாணவர்க்கு அண்டையிலேயே மற்றொரு வாய்ப்பு உண்டு. 1875-இல் நிறுவப்பெற்ற இந்தோசீனா வங்கி, பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுச்சேரிக்கென ரூபாய்த் தாள்கள் வெளியிட்டது. அதன் ஐம்பது ரூபாய்த் தாளில் தியூப்ளேயின் உருவம் உண்டு. கடலூர்க் கோட்டையைப் பிடிக்கப் பன்முறை முயன்றும் கைகூடாதவர் அவரே. 1954-இல் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தபின் அத்தாள்கள் பழம்பொருளாயின.

சேகரிக்கப் புகுவோர் சில விதிகளைக் கைக்கொள்க. தாளைக் கழுவற்க, பசையிட்டு ஏட்டில் ஒட்டற்க, புதிதாய் மடிக்கற்க, வெயிலும் ஈரமும் படாமல் வைக்க. எவ்வூரில், எவர் பெட்டியில் கிடைத்தது என்பதைத் தனிச் சீட்டில் எழுதி உடன் வைக்க. அக்குறிப்பு இன்றேல் தாளின் வரலாற்றில் பாதி இழந்தவராவோம்.

பொருள் மிகுதியாக வேண்டுவதன்று. இம்முறை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, முதியோர் பெட்டியை அவர் இசைவுடன் திறந்து பாருங்கள். அருகிருந்து அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள்.