அளவும் ஐயமும்

தொழிற்சாலையில் செய்யப்படும் பொருளுக்குத் தரம் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆணியாயினும் ஆடையாயினும் வாங்குவோர் அதன் தரத்தை நோக்கியே வாங்குகின்றனர். ஆனால் ஆராய்ச்சிக்கும் தரம் என ஒன்று உண்டோ? ஆராய்ச்சியால் விளைவது அறிவு. அதனைத் தராசில் இட்டு நிறுக்க இயலாது. மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் இயலாது. ஏனெனில் ஆராய்ச்சியாளர் தேடுவது அதுவரை எவரும் காணாத ஒன்றாகும். ஆகவே, அதன் தரத்தை விளைவில் மட்டும் தேடுதல் போதாது. செய்யும் முறையிலேயே காத்தல் வேண்டும்.

இவ்வழியைத் தெளிவுறக் காட்டியவருள் ஒருவர் அமெரிக்க நாட்டு வால்டர் ஷூஹார்ட். இயற்பியல் பயின்ற இவர், தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றினார். ஒரே எந்திரம் ஒரே நாளில் செய்த இரு பொருள்களும் அளவில் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. அவ்வேறுபாடுகளுள் இயல்பாக நேர்வது எது, காரணம் தேடத்தக்கது எது என்று பிரித்தறிவதற்கு ஒரு வரைபட முறையை அவர் 1924-ஆம் ஆண்டில் வகுத்தார். 1939-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் மேலும் ஒரு படி சென்றார். பொருள் இவ்வாறு இருத்தல் வேண்டும் என வரையறுத்தல், கருதுகோள் அமைத்தலை ஒக்கும். பொருளைச் செய்தல், சோதனை நடத்துதலை ஒக்கும். செய்த பொருளை ஆய்ந்து பார்த்தல், கருதுகோளைச் சரிபார்த்தலை ஒக்கும். தொழிற்சாலையும் ஆய்வுக்கூடமும் ஒரே பாதையில் நடப்பன என்பது அவர் கண்ட உண்மை.

இம்மூன்று படிகளுள் மூன்றாவது தளர்ந்தால் என்ன நேரும் என்பதை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் வரலாறு காட்டுகின்றது.

புவியைச் சூழ்ந்த காற்று, விண்மீன்களின் ஒளியை அலைத்துக் கலங்கச் செய்கின்றது. அக்காற்றுக்கு மேலே தொலைநோக்கி ஒன்றை நிறுவின் தெளிவான காட்சி கிட்டும் என்று லைமன் ஸ்பிட்சர் என்னும் வானியலறிஞர் 1946-ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்நினைவு உருப்பெறப் பல்லாண்டுகள் ஆயின. தொலைநோக்கியின் உயிர்நிலை 2.4 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு குழியாடி. அதனை மெருகிட்டு முடிக்கும் பணி 1981-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. ஒரு மில்லிமீட்டரின் இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு நுட்பமாக அவ்வாடி இழைக்கப்பட்டிருந்தது. அதுவரை செய்யப்பட்ட பெரிய ஆடிகளுள் அதனினும் வழவழப்பானது இல்லை என்றே செய்தோர் கருதினர். அக்கருத்துப் பொய்யன்று.

1990-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தொலைநோக்கி விண்ணுக்குச் சென்றது. சின்னாட்களில் படங்கள் வரலாயின. விண்மீன்கள் கூரிய புள்ளிகளாகத் தோன்றவில்லை. ஒளிவட்டம் சூழ்ந்த மங்கலாகத் தோன்றின. ஒரு விண்மீனின் ஒளியில் நூற்றுக்கு 70 பங்கு சிறு வட்டத்துள் குவிந்திருத்தல் வேண்டும். குவிந்ததோ ஏறத்தாழ 15 பங்கே. ஆடியின் விளிம்பு, இருக்க வேண்டியதனினும் சிறிது தட்டையாக இருந்தது. அப்பிழையின் அளவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு பங்கு. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று. ஆடி குறையின்றிச் செய்யப்பட்டிருந்தது; ஆனால் தவறான வடிவத்தில் குறையின்றிச் செய்யப்பட்டிருந்தது!

இது நேர்ந்தது எங்ஙனம்? லூ ஆலன் என்பார் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பர் திங்களில் அறிக்கை அளித்தது. ஆடியின் வடிவத்தைச் சோதிப்பதற்கென இரண்டு சிறு ஆடிகளும் ஒரு வில்லையும் அமைந்த கருவி ஒன்று இருந்தது. அக்கருவியின் வழியே செல்லும் ஒளி பெரிய ஆடியில் பட்டுத் திரும்பும். ஆடியின் வடிவம் செம்மையாயின் ஒளியும் நிழலுமான நேர்வரிகள் தோன்றும். பிழையாயின் வரிகள் வளையும். மெருகிடுவோர் வரிகள் நேராகும் வரை மெருகிட்டனர். ஆனால், அச்சோதனைக் கருவியிலேயே வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி இருந்தது. வில்லைக்கு உரிய தொலைவை ஒரு கோலால் அளந்தனர். கோலின் முனையில் பட்டுத் திரும்பவேண்டிய லேசர் ஒளி, முனையை மூடியிருந்த மூடியின் மேற்பூச்சுச் சிறிது உதிர்ந்திருந்தமையால், மூடியிலேயே பட்டுத் திரும்பிவிட்டது. வில்லையை அவ்விடத்தில் பொருத்த முயன்றபோது அஃது எளிதில் இசையவில்லை. 'ஏன் இசையவில்லை?' என்று வினவுதற்கு மாறாக, வாஷர் எனப்படும் சிறு வளையத் தகடுகளை இடையில் செருகிப் பொருத்தினர். வேலை நடந்தேறியது.

மூடியின் பூச்சு உதிர்தல் யாருக்கும் நேரக்கூடிய தற்செயல். அதனைப் பெரிதாகக் குறை கூறுவதற்கில்லை. குறை கூறத்தக்கது அதற்குப் பின் நிகழ்ந்தது. ஆடியைச் சோதிக்க வேறிரண்டு கருவிகளும் இருந்தன. வில்லைகளால் ஆன ஒன்று, முடிந்த ஆடியை அளப்பதற்குரியது. மற்றொன்று, முதற்கருவியின் அமைப்பையே சரிபார்ப்பதற்குரியது. இரண்டும் பிழையைக் காட்டின. ஒருமுறையன்று, தெளிவாகவே காட்டின. ஆனால் முதற்கருவியே நுட்பம் மிக்கது என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டமையால், மற்றைய இரண்டுமே பழுதுடையன என்று முடிவு செய்து, அவற்றின் சான்றை ஒதுக்கினர். மூன்று சாட்சிகளுள் இருவர் ஒன்று கூற, மூன்றாமவர் மிக்க கல்வியுடையார் என்பதனாலேயே அவர் கூற்றைத் தீர்ப்பாக ஏற்ற கதை இது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மூன்றுமுறை நிறுத்து, இரண்டோடு ஒவ்வாத ஒன்றை அழிப்பானால் அழித்துவிடும் மாணவனும் இவ்வழியிலேதான் நடக்கின்றான். அவனுக்கு மூன்றில் ஒன்று, இவர்களுக்கு மூன்றில் இரண்டு.

அவர்கள் நேர்மையற்றவர் அல்லர். பணி காலம் கடந்துகொண்டிருந்தது. செலவு வரம்பை மீறிக்கொண்டிருந்தது. அத்தகைய வேளையில் 'முடிந்தது' என்னும் சொல் இனிக்கும். 'மீண்டும் பார்ப்போம்' என்னும் சொல் கசக்கும். தொலைநோக்கி முழுவதையும் ஒன்றாகப் பூட்டி ஒளி செலுத்திப் பார்க்கும் சோதனையும், செலவு மிகும் எனக் கருதி நடத்தப்பெறவில்லை. 1986-ஆம் ஆண்டு சேலஞ்சர் விண்ணோடம் அழிந்தபின் தொலைநோக்கி தரையிலேயே பல ஆண்டுகள் காத்திருந்தது. அந்நெடுங்காலத்திலும் பழைய சோதனைத் தாள்களை எடுத்து விரித்துப் பார்த்தார் இலர். ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு இன்னாருடையது என வகுக்கப்படாத இடத்தில், ஐயம் எவருடையதும் ஆகாமல் போய்விடுகின்றது.

எனினும் ஒரு நன்மை எஞ்சியது. அச்சோதனைக் கருவி கலைக்கப்படாமல், வில்லை அன்று நின்ற இடத்திலேயே நிற்க, தொழிற்கூடத்தில் இருந்தது. அன்று எடுத்த வரிப்படங்களும் அழியாதிருந்தன. கருவியை அளந்து, ஆடி எவ்வளவு பிழைபட்டிருக்கும் என ஒரு சாரார் கணக்கிட்டனர். விண்ணிலிருந்து வந்த மங்கலான படங்களைக் கொண்டு வேறு சாரார் தனியே கணக்கிட்டனர். இரு கணக்கும் ஒத்தன. முன்னர் ஒதுக்கப்பட்ட முறை, ஒன்றை மற்றொன்று சார்ந்திராத இரு வழிகளால் சரிபார்க்கும் அம்முறை, இப்பொழுதுதான் ஆளப்பட்டது. பிழையின் அளவு திட்டமாகத் தெரிந்தமையால், கண்ணுக்குக் கண்ணாடி அணிவிப்பதுபோல் அதற்கு மாற்றுக் காணவும் முடிந்தது.

நாணய அளவுள்ள சிறு ஆடிகளை ஒளியின் பாதையில் நிறுத்தினால் பிழை நேராகும். ஆனால் தொலைநோக்கியின் இடுக்கான உட்புறத்தில் அவற்றை எங்ஙனம் கொண்டுபோய் நிறுத்துவது? ஜேம்ஸ் குரொக்கர் என்னும் பொறியாளர், ஜெர்மனி நாட்டு விடுதியொன்றின் குளியலறையில், கம்பியில் மேலும் கீழும் நகர்ந்து மடங்கும் நீர்த்தூவியைக் கண்டார். அதனைப்போல் மடங்கி விரியும் கைகளில் ஆடிகளைப் பொருத்தலாம் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. அங்ஙனம் உருவான கருவிக்குக் 'கோஸ்டார்' என்று பெயர். விண்வெளியில் செய்யவேண்டிய வேலைகளை வீரர்கள் பெரிய நீர்த்தொட்டியில் மூழ்கிப் பலமுறை ஒத்திகை பார்த்தனர். 1993-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் எண்டவர் விண்ணோடத்தில் எழுவர் சென்றனர். அவர்களுள் நால்வர் இருவர் இருவராக மாறிமாறி ஐந்துமுறை வெளியே இறங்கி, கோஸ்டாரையும், பிழையைத் தன்னுள்ளேயே திருத்திக்கொள்ளும் புதிய படக்கருவி ஒன்றையும் பொருத்தினர். அடுத்த ஆண்டு ஜனவரியில் வெளியான படங்களில் விண்மீன்கள் புள்ளிகளாக ஒளிர்ந்தன.

பின்னர் அனுப்பப்பட்ட கருவி ஒவ்வொன்றும், ஆடியின் பிழைக்கு நேர்மாறான திருத்தத்தைத் தன்னகத்தே கொண்டு செய்யப்பட்டது. எனவே கோஸ்டாருக்கு வேலை இல்லாமற் போயிற்று. 2009-ஆம் ஆண்டில் அது கழற்றப்பட்டுப் புவிக்குக் கொண்டுவரப்பட்டது. வேறொரு நிறுவனம் மாற்றாகச் செய்து, ஒருநாளும் விண்ணேறாத ஆடியைப்போலவே அதுவும் வாஷிங்டன் நகரத்து அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பிழைபட்ட ஆடியை மட்டும் எவரும் மாற்றவில்லை. தலைமயிரில் ஐம்பதில் ஒரு பங்கு தட்டையான அதே விளிம்போடு, அது புவியைச் சுற்றி வருகின்றது.