மோட்டார் வாங்குமுன் ஆழம் பாருங்கள்

மல்லாங்கிணறு போன்ற வறண்ட ஊர்களில் கோடையில் கிணற்று நீர்மட்டம் வெகுவாக இறங்கிவிடும். மேலே வைத்த பம்பு ஓடும், தண்ணீர் வராது. ஏன்?

பம்பு நீரை இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றை அகற்றுகிறது. கிணற்று நீரை அழுத்தும் வெளிக்காற்றே நீரைக் குழாயில் ஏற்றுகிறது. அது தாங்கும் உயரம் சுமார் 10.3 மீட்டர்தான். 1644இல் டாரிசெல்லி இதை விளக்கினார். நடைமுறையில் 7 மீட்டரே கிடைக்கும். குதிரைத்திறனைக் கூட்டினாலும் இந்த எல்லை மாறாது!

நீர் அதற்கும் கீழே என்றால், அடியிலிருந்து தள்ளும் நீர்மூழ்கி மோட்டார் வேண்டும். நீர்மட்டத்திலிருந்து மாடித் தொட்டிவரை 60 மீட்டர் எனில், 1000 லிட்டரை ஏற்ற 5,88,000 ஜூல் தேவை. பயனுறுதிறன் 50 சதவீதமுள்ள 1 குதிரைத்திறன் (746 வாட்) மோட்டாருக்கு இது சுமார் 26 நிமிட வேலை.

ஆகவே மாணவர்களே, கோடையில் நீர்மட்டத்தை அளந்த பிறகே பம்பு வாங்கும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள்.