பல்கலைக்கழகம் ஊருக்கு வரும்போது: சிறு மானியங்கள் பற்றிய ஒரு பாடம்



போரினாலோ, அணைக்கட்டினாலோ, மண்சரிவினாலோ காணியை விட்டு வந்து வேறொரு மண்ணில் மீண்டும் வேரூன்ற முயலும் கமக்காரக் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்படுகிறது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, பின்னர் கூடிப் பேசுவதற்கு ஏற்றவாறு இதனைப் பகுதிகளாகப் பிரித்துள்ளோம். ஒரே அமர்வில் முடிக்க வேண்டிய அவசியமில்லை.

1. ரிவர்ஸ்டன் மலையிலிருந்து பார்ப்போம்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மேலே ஏறும் வீதி, பனியும் பலத்த காற்றும் நிறைந்த ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியையும் இலுக்கும்புரவையும் தாண்டி, லக்கல - பல்லேகம பக்கமாக இறங்குகிறது. இது நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு பகுதி. 2000ஆம் ஆண்டு இந்தக் காடு பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதிகளில் ஒன்றாக யுனெஸ்கோ இதனை ஏற்றுக்கொண்டது. காட்டின் கீழ் ஏலம் பயிரிட்டும், சரிவுகளில் சேனை செய்தும், பள்ளத்தாக்குகளில் படிமுறை வயல் விதைத்தும் வாழ்ந்த மக்களுக்கு இந்த மாற்றங்கள் சிறியவை அல்ல.

மலையின் அடிவாரத்தில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. நக்கிள்ஸில் பிறந்து அம்பன் கங்கையில் சேரும் களுகங்கைக்குக் குறுக்கே பல்லேகமவில் அணை கட்டப்பட்டது. 2018இல் அதில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். அம்பன் கங்கையின் மீது கட்டப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017இலேயே நீர் தேக்கப்பட்டிருந்தது. பழைய லக்கல நகரம் இடம் மாற வேண்டியதாயிற்று. வயலையும் மிளகுக் கொடியையும் பலாமரத்தையும் விட்டுப் பல குடும்பங்கள் புதிய குடியேற்றங்களுக்குச் சென்றன. அவர்கள் விட்டுச்சென்ற நிலத்தில் தேங்கும் நீர் உலர்வலயத்து வயல்களுக்குப் பாய்கிறது.

இந்த மலைக்குப் பல்கலைக்கழகத்தார் வருவது புதிதல்ல. தவளையை ஆராய்கிறார்கள், மீனை ஆராய்கிறார்கள், செடிகொடிகளை ஆராய்கிறார்கள். பிட்டவல பத்தனையில் காணப்படும் ஒருவகைப் பாறைத் தவளை உலகில் நக்கிள்ஸ் பகுதியில் மாத்திரமே வாழ்கிறது என்பதை நாம் அறிந்ததும் அவர்களுடைய உழைப்பினாலேயே. அது நல்ல வேலை. ஆனால் காணி இழந்த ஒரு குடும்பம், "எங்கள் புதிய மண்ணில் மிளகு ஏன் செத்துப்போகிறது?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை யார் எடுத்துக்கொள்வார்? அதற்கான பணம் எங்கிருந்து வரும்? இதுவே இன்றைய பாடம்.

2. சிறு மானியம் என்றால் என்ன?

பல்கலைக்கழகங்களில் பெரிய ஆராய்ச்சி நிதிகளைத் தவிர, சமூகத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கென்று சிறு தொகைகளும் ஒதுக்கப்படுவதுண்டு. விரிவுரையாளர் ஒருவர் பொறுப்பெடுக்க, மாணவர் சிலர் சேர, ஊர்ச் சங்கம் ஒன்று பங்காளியாக நிற்க, குறித்த காலத்துக்குள் ஒரு வேலையைச் செய்து முடித்துக் கணக்குக் காட்டுவதே இதன் பொதுவான வடிவம்.

மூன்று விடயங்களைத் தெளிவாக மனத்திற் கொள்வோம்.

முதலாவது, இது கடன் அல்ல; எவரும் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. இரண்டாவது, இது நிவாரணமும் அல்ல. குடும்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுத் தரப்படுவதில்லை. மூன்றாவது, பணம் வழக்கமாகப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே இருக்கும். ஊரின் கைக்கு வருவது, முன்கூட்டியே எழுதி ஒத்துக்கொண்டது மாத்திரமே. ஆகவே விண்ணப்பம் எழுதும் நாளில் நாம் மேசையருகே இல்லாவிட்டால், பின்னர் கேட்டுப் பயனில்லை.

3. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

பல்கலைக்கழகம் உழவருக்குக் கடமைப்பட்டது என்பது பழைய எண்ணமே. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, விவசாயமும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு அரச காணியை வழங்கியது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் அக்கல்லூரிகளின் அறிவைப் பண்ணைவீடுகளுக்குக் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணிக்கு நிதி அளித்தது. ஆனால் கல்லூரிகளுக்குக் கொடுக்கப்பட்ட அந்தக் காணிகளில் பெரும்பகுதி பூர்வீகக் குடிகளிடமிருந்து எடுக்கப்பட்டது. இடம்பெயர்ந்த நாம் இதனையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1970களில் ஒல்லாந்து நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 'அறிவியற் கடைகள்' எனப்பட்ட அலுவலகங்கள் தோன்றின. பணவசதியற்ற ஊர்ச் சங்கமோ தொழிலாளர் குழுவோ தன் கேள்வியைக் கொண்டுவரலாம். மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் விடை தேடித் தருவார்கள். இங்கே கேள்வி ஊரிலிருந்து புறப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

அயல்நாடான இந்தியாவில் 1969 செப்டெம்பர் 24ஆம் திகதி, காந்தி நூற்றாண்டில், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் மாணவர்கள் கிராமத்தில் ஏழு நாள் தங்கிச் செய்யும் முகாம் அதன் பகுதியே. 2014இல் தொடங்கிய 'உன்னத் பாரத் அபியான்' திட்டத்தின் கீழ் ஒவ்வொரு கல்லூரியும் ஐந்து கிராமங்களைத் தெரிந்தெடுத்து, வீடுவீடாக நிலைமையை அறிந்து, கிராமத் திட்டம் வரைவதற்குச் சிறு நிதி பெறுகிறது.

நமது நாட்டில், உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் 1994 முதல் இயங்கிவந்துள்ளது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் இதனை நடத்துகிறது. இது பல்கலைக்கழகத்தின் நிதி அல்ல. ஊர்ச் சங்கங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நேரடியாகச் செல்வது. அதன் ஆறாம் கட்டத்தில் தெரிவான மூன்று நிலப்பரப்புகளுள் நக்கிள்ஸ் வனமும் அதன் சுற்றுப்புறமும் ஒன்று. மன்னார் முதல் யாழ்ப்பாணம் வரையான கரையோரம் இன்னொன்று. ஆகவே "எங்களைப் போன்றவர்களுக்கு இது கிடைக்காது" என்று தொடக்கத்திலேயே கைவிட வேண்டாம்.

பல்கலைக்கழகத்தாருக்கு இடப்பெயர்வு புரியாது என்றும் எண்ண வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டு, போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின்னரே கிளிநொச்சிக்குத் திரும்பியது.

4. ஒரு கேள்வியை வேலையாக மாற்றுவது

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். புதிய குடியேற்றம் ஒன்றில் ஒரு தாயும், படிவத்தோடு வந்த மாணவி ஒருவரும் பேசுகிறார்கள்.

"அம்மா, உங்கள் மாத வருமானம் எவ்வளவு என்று சொல்ல முடியுமா?"

"சொல்லலாம் பிள்ளை. போன வருசமும் இரண்டு பேருக்குச் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டு போனதுதான். நீ எனக்கு ஒன்று சொல்லு. பழைய ஊரில் மிளகு தானாக ஏறியது. இங்கே இரண்டாம் வருசமே இலை கறுத்து விழுகிறது. ஏன்?"

"எனக்குத் தெரியாதம்மா. எங்கள் சேரிடம் கேட்டுப் பார்க்கிறேன்."

"கேட்டுவிட்டு வா. அதற்குப் பிறகு உன் படிவத்தை நிரப்புவோம்."

அந்தத் தாயின் கேள்வி ஒரு நல்ல மானிய விண்ணப்பத்தின் முதல் வரியாகும். மிளகுக் கொடி திடீரென வாடிச் சாவதற்கு, நீர் தேங்கும் மண்ணில் பெருகும் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் ஒரு முக்கிய காரணம். வேரடியில் நீர் நிற்காமல் வடிகான் வெட்டுதல், மேட்டில் நடுதல், நோயற்ற நாற்றைத் தெரிதல், தாங்குமரமாக நிற்கும் கிளிரிசீடியாவைக் கத்தரித்து ஒளியும் காற்றும் விடுதல் என்பன உதவும். ஆனால் இந்தக் காணியில் காரணம் இதுதானா? மண்ணைச் சோதித்து, நட்டுப் பார்த்தே சொல்ல வேண்டும்.

வேலை இப்படி அமையலாம். ஆறு குடும்பங்களின் தோட்டத்தில் ஒரு வரிசை வழமைபோல நடப்படும். பக்கத்து வரிசை மேடும் வடிகானும் அமைத்து நடப்படும். நாற்றும் பசளையும் இரண்டுக்கும் ஒன்றே. மாதம் ஒருமுறை எத்தனை கொடி உயிரோடு உள்ளது என்று வீட்டாரும் மாணவரும் சேர்ந்து எண்ணி எழுதுவார்கள். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருப்பதால் அங்கும் ஆலோசனை கேட்கலாம்.

5. பணத்தைக் கூட்டிப் பார்ப்போம்

கணக்குப் பழகுவதற்காக, மானியம் 200,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

நாற்றுகள்: 40,000
மண் பரிசோதனை: 25,000
மாணவர் போக்குவரத்து: 45,000
வடிகான் வேலையும் கருவிகளும்: 30,000
கூட்டங்கள், சாப்பாடு, கமக்காரர் செலவிடும் நாளுக்கான கொடுப்பனவு: 30,000
முடிவுகளை ஊருக்குச் சொல்லும் கூட்டமும் அச்சுச் செலவும்: 20,000
எதிர்பாராத செலவு: 10,000

இப்போது ஒவ்வொரு வரியிலும், "இந்தப் பணம் எங்கே தங்குகிறது?" என்று கேளுங்கள். நாற்றை மாதர் சங்கத்தின் நாற்றுமேடையிலிருந்து வாங்கினால் 40,000, வடிகான் வேலையை ஊரவரே செய்தால் 30,000, கூட்டச் செலவு 30,000 - மொத்தம் 100,000 ரூபா, அதாவது சரிபாதி, ஊரில் தங்கும். நாற்றை வெளியிலிருந்து கொண்டுவந்தால் 60,000 மாத்திரமே தங்கும். பயிரின் அளவிலும் மானியத்தின் அளவிலும் வேறுபாடு இல்லை. வேறுபாடு ஒரே ஒரு வரியில்தான்.

கடைசிக்கு முந்திய வரியையும் கவனியுங்கள். முடிவை ஊருக்குத் திருப்பிச் சொல்வதற்குப் பணம் ஒதுக்கப்படாவிட்டால், அந்தக் கூட்டம் நடக்காமற் போவதே வழமை.

6. ஒத்துக்கொள்ளுமுன் கேட்க வேண்டியவை

முதலாவது: கேள்வி யாருடையது? நம்முடைய கேள்வி ஒன்றாவது விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது: காலம் பொருந்துமா? பல்கலைக்கழகத்துக்குத் தவணை உண்டு. நமக்குப் பெரும்போகமும் சிறுபோகமும் உண்டு. மழை தொடங்கிய பின் பணம் வந்தால் நடுகைக் காலம் தவறிவிடும்.

மூன்றாவது: எந்த மொழியில்? தமிழரும் சிங்களவரும் சேர்ந்து வாழும் குடியேற்றமானால், படிவமும் முடிவும் இரண்டு மொழியிலும் வேண்டும். ஆங்கில அறிக்கை மட்டும் போதாது.

நான்காவது: பெயரும் பத்திரமும் பாதுகாப்பாக இருக்குமா? காணி அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியை எவரிடமும் கொடுக்க வேண்டாம். விருப்பமில்லாத கேள்விக்கு விடை சொல்லாதிருக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அதனால் உதவி நின்றுவிடாது என்பதை முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: யார் கையொப்பமிடுகிறார்? தலைவர் ஒருவர் மாத்திரம் அல்ல. குறைந்தது ஒரு பெண் உட்பட மூவர் ஒப்பமிட்டு, பிரதியொன்றைச் சங்கத்தின் கோப்பில் வைக்க வேண்டும்.

ஆறாவது: பணம் முடிந்த பின் என்ன மிஞ்சும்? நாற்றுமேடையா, பழகிய கையா, எழுதிய குறிப்பா? ஒன்றும் மிஞ்சாதென்றால் யோசித்தே ஒத்துக்கொள்ளுங்கள்.

7. மானியம் செய்ய முடியாதவை

ஒரு சிறு மானியம் இழந்த காணியைத் தராது; நட்டஈட்டுப் பாக்கியைத் தீர்க்காது; உறுதிப்பத்திரம் வழங்காது. அவை அரசின் கடமைகள். அபிவிருத்தித் திட்டங்களால் இடம்பெயர்வோர் முன்னிலும் தாழ்ந்துபோகக் கூடாது என்னும் நோக்கோடு 2001இல் இலங்கை அமைச்சரவை மீள்குடியேற்றக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. மாணவர் வந்து மிளகு நடுகிறார்கள் என்பதற்காக அந்தக் கோரிக்கைகளை எவரும் பின்தள்ள இடமளிக்கக் கூடாது.

ஆனால் மானியம் வேறொன்றைத் தரக்கூடும். புதிய மண் எப்படிப்பட்டது, கிணற்று நீர் எத்தகையது, எத்தனை கொடி செத்தது என்று முறையாக எழுதிய பதிவு நம் கையில் இருக்கும். பிரதேச செயலகத்திலோ கமநல சேவை நிலையத்திலோ "எங்கள் காணி விளையவில்லை" என்று சொல்வதற்கும், பதினெட்டு மாதக் குறிப்பை மேசையில் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

செய்த ஆய்வின் முடிவு திரும்பி வராவிட்டால்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் உள்ளடக்குகிறது. தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்தால், 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். ஆனால் முதலில் விரிவுரையாளருக்கு அன்பாக ஒரு கடிதம் எழுதுங்கள். பலவேளை அதுவே போதும்.

8. அடுத்த மாதத்துக்குள் செய்யக்கூடியது

சங்கக் கூட்டமொன்றில், விடை தெரியாத மூன்று கேள்விகளை எழுதுங்கள். அவற்றுள் ஒரு வருடத்தில் சோதிக்கக்கூடிய ஒன்றைத் தெரியுங்கள். எத்தனை குடும்பம், எவ்வளவு நிலம், நாங்கள் தரக்கூடியது என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று இதனைத் தெளிவாக எழுதித் தரும். அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்கு அனுப்புங்கள். மாத்தளையாருக்கு அது பேராதனை. பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தோடு அடுத்த மாணவர் வரும்போது அந்தப் பக்கத்தை அவர் கையிலும் கொடுங்கள்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் நம் ஊரில் விபரம் திரட்டினார்கள்? எத்தனை பேர் முடிவோடு திரும்பி வந்தார்கள்?
2. பழைய மண்ணைப் பற்றி நாம் அறிந்ததில் எது புதிய மண்ணில் உதவுகிறது? எது உதவவில்லை?
3. மேலே காட்டிய 200,000 ரூபாக் கணக்கை நீங்கள் எழுதினால் எந்த வரியை மாற்றுவீர்கள்? ஏன்?
4. கூட்டத்தில் பேசாத பெண்களின் கேள்வி என்ன? அதை எப்படிக் கேட்டறிவது?
5. அரசிடம் கேட்க வேண்டியது எது, பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியது எது, நாமே செய்ய வேண்டியது எது? மூன்று நிரல்களாக எழுதிப் பாருங்கள்.