புல் விதைக்கு விஷம் வேண்டாமே!

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் ஒரு வசதி உண்டு. வீட்டைச் சுற்றி நாலு செடி வைக்க மண் இருக்கும். "முன்பக்கம் புல்தரை போடலாம்னு விதை தூவினோம் டாக்டர், மறுநாளே புறாவும் மைனாவும் பொறுக்கித் தின்னுடுச்சு" என்று அலுத்துக்கொள்பவர்கள், அடுத்த முறை விதையில் பூச்சிமருந்தைப் பிசறித் தூவுகிறார்கள். அதுதான் ஆபத்து.

விஷம் யாரைச் சேரும்?

ஆர்கனோ பாஸ்பரஸ், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் நரம்பைத் தாக்குபவை. பறவையை மட்டும் அவை பார்த்துக் கொல்வதில்லை. மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வாய்க்குப் போகும். செத்த பறவையைப் பூனை தின்னும். அதே தரையில் அறுகம்புல் பறித்துச் சாறு குடிப்பவர்களும் உண்டு. இப்படி மருந்து நஞ்சாகலாமா? மயில் செத்தால் சட்டமும் சும்மா விடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது.

அப்போ விதையை எப்படிக் காப்பாத்தறது?

1. தூவிய விதையைத் திறந்து விடாதீர்கள். சலித்த மட்கிய எருவும் மணலும் கலந்து, கால் அங்குலத்துக்கு மேற்படாமல் மூடிப் பலகையால் லேசாக அழுத்துங்கள்.

2. அதன்மேல் மெல்லிசாக வைக்கோல் பரப்புங்கள். தென்னங்கீற்றும் போதும். பச்சை தலைகாட்டியதும் கீற்றை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முளை வெளுத்துச் சாய்ந்துவிடும்.

3. வலை கட்டினால் குச்சி நட்டு, தரைக்கு அரை அடி மேலே இறுக்கிக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் பறவையின் கால் சிக்கும்.

4. பளபளக்கும் ரிப்பன், பழைய சி.டி. தட்டு கட்டலாம். பறவைக்குப் பழகிவிடும் என்பதால் அடிக்கடி இடம் மாற்றுங்கள்.

5. பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். குழாயைப் பீய்ச்சினால் விதை மேலே வந்துவிடும்.

விதையே இல்லாத வழி

இன்னும் சுலபம், அறுகம்புல். வேரோடு கொண்டுவந்து, கணுவுள்ள தண்டுகளாக நறுக்கி, அரை அடிக்கு ஒன்றாக ஈர மண்ணில் பதியுங்கள். கணுவில் வேர்விட்டுப் படரும். பறவைக்குப் பொறுக்க ஒன்றுமில்லை! நல்ல வெயில் படும் இடமாக இருக்கட்டும்.

தவறிப்போய் விஷம் உள்ளே போனால்...

எச்சில் ஒழுகுதல், வியர்வை, வாந்தி, கண்பாவை ஊசிமுனைபோல் சுருங்குதல், தசைத்துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை அறிகுறிகள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நஞ்சு பட்ட துணியைக் கழற்றித் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-க்குப் போன் செய்யுங்கள். மருந்துப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: இந்த நேரத்தில் கஷாயம், பச்சிலை எதுவும் வேண்டாம். அட்ரோபின் ஊசியும் பிராணவாயுவும்தான் உயிர் காக்கும். அவை ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

புல் பத்து நாள் தாமதமாக வளரட்டுமே, என்ன குறைந்துவிடும்?