மருந்தான நஞ்சு பயனற்றுப் போவது ஏன்?

உணவில் கலந்தால் உயிரைக் குடிக்கும் நஞ்சை மருத்துவர்கள் ஊசி மூலம் நோயாளிக்குச் செலுத்துகிறார்கள் என்றால் நம்புவீர்களா? போட்டுலினம் நஞ்சு அத்தகைய ஒரு மருந்துதான். 1895-இல் பெல்ஜியத்தில் கெட்டுப்போன பன்றி இறைச்சியை உண்டு பலர் நோயுற்றனர். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்ற அறிஞர், இந்நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார்.

நஞ்சு என்ன செய்கிறது?

நரம்பின் முனையிலிருந்து அசெட்டைல்கோலின் என்ற பொருள் வெளிப்பட்டால்தான் தசை சுருங்கும். அது வெளிப்படத் தேவையான ஒரு புரதத்தை இந்நஞ்சு வெட்டிவிடுகிறது. எனவே தசை தளர்கிறது. மாறுகண், கண்ணிமைத் துடிப்பு ஆகியவற்றுக்கு இம்மருந்தை அமெரிக்கா 1989-இல் ஏற்றுக்கொண்டது. புருவங்களுக்கு இடையே விழும் சுருக்கத்தைப் போக்க 2002-இல் அனுமதி கிடைத்தது. பக்கவாதத்தால் விறைத்த கைகால்களுக்கும், கோணிய கழுத்துக்கும் இதுவே துணை. மூன்று, நான்கு மாதங்களில் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மீண்டும் ஊசி போட வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

உடலின் காவலர்கள்

இந்நஞ்சு ஒரு புரதம். அயல் புரதம் அடிக்கடி உள்ளே வந்தால், உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்கக்கூடும். அவை நஞ்சின் மூலக்கூறைப் பற்றிக்கொண்டு, நரம்பை அடையாதபடி தடுக்கின்றன. பிறகு ஊசி போட்டும் பயனில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? பெயர்பெற்ற ஒரு தயாரிப்பில் 100 அலகுகளில் சுமார் 5 நானோகிராம் நச்சுப்புரதம் உள்ளது. புருவச் சுருக்கத்துக்கு வழக்கமான அளவு 20 அலகுகள். அதாவது 1 நானோகிராம். துணைப்புரதங்களுடன் சேர்த்து இதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 9 இலட்சம். அவகாட்ரோ எண்ணைப் பயன்படுத்திப் பாருங்கள்: சுமார் 67 கோடி மூலக்கூறுகள்! 1997-க்கு முன் இதே தயாரிப்பில் 100 அலகுகளுக்கு 25 நானோகிராம் புரதம் இருந்தது. அப்போது அதே பயனுக்கு உடல் ஐந்து மடங்கு அயல் புரதத்தைச் சந்திக்க வேண்டியிருந்தது. கோணிய கழுத்துள்ள நோயாளிகளிடம் நடத்தி 2003-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பழைய மருந்து பெற்ற 42 பேரில் 4 பேருக்கு எதிர்ப்பொருள் தோன்றியிருந்தது. புதிய மருந்தை மட்டும் பெற்ற 119 பேரில் ஒருவருக்கும் இல்லை.

தடுக்கும் வழிகள்

1. பயன் தரும் மிகக் குறைந்த அளவையே செலுத்த வேண்டும்.
2. இரு ஊசிகளுக்கிடையே குறைந்தது 12 வாரங்கள் இடைவெளி வேண்டும்.
3. 'இன்னும் கொஞ்சம்' என்று சில நாட்களிலேயே மறுபடி போடுவதைத் தவிர்க்க வேண்டும்.
4. தேவையற்ற புரதம் குறைந்த தயாரிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு தயாரிப்பின் அலகும் மற்றொன்றின் அலகும் சமமல்ல.

ஊசி பலிக்காவிட்டால் உடனே எதிர்ப்பொருள்மேல் பழிபோடக் கூடாது. அளவு குறைந்திருக்கலாம், தசை மாறியிருக்கலாம். இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நெற்றியின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறிதளவு செலுத்துவார்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்துப் புருவத்தை உயர்த்தச் சொல்வார்கள். அப்பக்கம் சுருங்காவிட்டால் மருந்து வேலை செய்கிறது. இரு பக்கமும் ஒன்றுபோல் சுருங்கினால் எதிர்ப்பு உண்டாகியிருக்கலாம். அப்போது 'ஏ' வகைக்குப் பதில் 'பி' வகை நஞ்சைப் பயன்படுத்துவதுண்டு. நாளடைவில் அதற்கும் எதிர்ப்பொருள் தோன்றலாம்.

அழகுக்காகப் போடும் சிறிய அளவில் இவ்வெதிர்ப்பு அரிது. எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இன்று நெற்றிச் சுருக்கத்துக்காக அவசரப்பட்டு அடிக்கடி ஊசி போட்டுக்கொள்பவருக்கு, நாளை பக்கவாதத்தால் கை விறைத்துப்போனால் இதே மருந்து தேவைப்படலாம். அன்று அது பலிக்க வேண்டுமானால் இன்றே அளவோடு பயன்படுத்த வேண்டும்.

உங்களுக்கு ஒரு கேள்வி: கழுத்து நோய்க்கு 200 அலகுகள் செலுத்தினால் எத்தனை மூலக்கூறுகள் உடலில் நுழையும்? கணக்கிட்டுப் பாருங்கள்.